பாயம்மா தேடிய பக்கம்

ரயிலில் நான் படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தால் எனக்குச் சுர்ரென்று ஏறும். குர்ஷித் பாயம்மாவிடம் நான் பேசிய முதல் வார்த்தையே அந்தக் கோபத்தில் வந்ததுதான்.

"இன்னா, நீங்களும் படிக்கணுமா?"

வேறு யாராவது என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். அவர் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தார்.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதும்மா, உருதுதான் படிச்சேன். படம் பாத்தேன். பழைய புக்குங்களா இதெல்லாம்?"

நான் ஆம்பூரில் ஏறி வாலாஜா ரோட்டில் இறங்குகிறவள். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில், பதனிட்டு முடிந்து வரும் தோலை விளக்குக்குக் கீழே விரித்துக் கீறலும் உண்ணிக்கடியும் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. நாள் பூரா மாட்டுத் தோலை முறைத்துக்கொண்டே இருக்கிறவளுக்குப் போகும்போதும் வரும்போதுமாவது வேறு எதையாவது பார்க்க வேண்டாமா? ஒரு டேப்லட் வாங்கி, ஒரு வார இதழின் பழைய இதழ்களையெல்லாம் படிக்கிற மாதிரி சந்தா கட்டிக்கொண்டேன். முப்பது வருஷத்து இதழ்கள், அட்டையிலிருந்து கடைசிப் பக்கத்து ஜவுளிக்கடை விளம்பரம் வரை அப்படியே படம் பிடித்துப் போட்டிருப்பார்கள். தொடர்கதை என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். வாராவாரம் காத்திருந்து படித்த கதைகளை, 'அடுத்த வாரம்' என்று ஒருவனும் கழுத்தை அறுக்காமல் ஒரே மூச்சில் படிப்பதில் ஒரு அற்ப சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்துக்குத்தான் பாயம்மா உலை வைத்தார்.

"இதுல கொழந்தைங்க படமா போடுற பக்கம் ஒண்ணு வருமே, அதுவும் இருக்குதா?"

இருந்தது. வாசகர்கள் அனுப்பும் குழந்தைகளின் படங்களை ஒரே பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டு, கீழே பேரும் ஊரும் கொடுப்பார்கள். நான் எப்போதும் தள்ளிவிட்டுப் போகிற பக்கம். "இருக்குது, அதுக்கு இன்னா இப்போ?" என்றேன். பாயம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என் பொண்ணு படம் அதுல வந்துச்சும்மா. ஹஃப்ஸா. எனக்கு அத எடுத்துக் காட்டுறியா?"

பேரணாம்பட்டில் பிறந்து வாணியம்பாடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் குர்ஷித் பாயம்மா. வீட்டுக்காரர் அப்துல் சமத் டேனரியில் தோல் ஊறப்போடும் டிரம் ஓட்டினார். பாயம்மாவுக்கு வீட்டிலேயே வேலை, கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும் ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுப்பது. ஊசி பிடித்துப் பிடித்து அவருடைய ஆள்காட்டி விரல் நுனி கெட்டித்துப் போயிருந்தது. அந்த விரலைப் பால் குடிக்கும்போது ஹஃப்ஸா விடவே மாட்டாளாம். முதல் குழந்தை. குண்டுப் பூசணி மாதிரி இருப்பாளாம், கன்னம் இரண்டும் கண்ணை மறைக்குமாம்.

சமத் பாய் வீட்டில் உருவப்படம் வைக்க மாட்டார். உருவப்படம் இருக்கிற வீட்டுக்கு மலக்குகள், அதாவது வானவர்கள், வர மாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை. அதற்காகக் கத்துகிற ஆளில்லை. வேண்டாம் என்றார், பாயம்மாவும் சரி என்று இருந்துவிட்டார். பக்கத்து வீட்டு பாக்யலட்சுமிதான் ஒரு ரம்ஜான் ஈத் முடிந்த மறுநாள், தன் பையனைப் படம் எடுக்க ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனபோது, ஈத் உடுப்போடு நின்ற ஹஃப்ஸாவையும் சேர்த்துக் கூட்டிப் போயிருக்கிறாள். மழையில் நனைந்துகொண்டே போனார்களாம். இரண்டு படத்தையும் ஒரே கவரில் போட்டு அந்த வார இதழுக்கு அனுப்பியிருக்கிறாள்.

இதழ் வந்தபோது ஹஃப்ஸா இல்லை. ஏதோ ரத்தத்தில் வியாதி. அந்த ரம்ஜானில் தொடங்கிய காய்ச்சல் விடவே இல்லை. நாலு வயசுப் பிள்ளையை அடக்கம் பண்ணிவிட்டு வந்து உட்கார்ந்திருந்த வீட்டுக்குள் பாக்யலட்சுமி அந்த இதழை முந்தானைக்குள் மறைத்து எடுத்து வந்து கொடுத்தாளாம். பாயம்மா அதை டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தார். சமத் பாய்க்கும் தெரியும். பெட்டியைத் திறந்தால் அந்த இதழை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு சாமானை எடுப்பாரே தவிர ஒரு வார்த்தை கேட்டதில்லையாம்.

பாலாற்றில் வெள்ளம் வந்த வருஷம் பெட்டி போய்விட்டது. அதற்கு முன்பே சமத் பாயும் போய்விட்டார். பாக்யலட்சுமி குடும்பம் ஓசூர்ப் பக்கம் எங்கேயோ போய்ச் சேர்ந்து, தேடியும் கிடைக்கவில்லை. ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது மொபைல் ரீசார்ஜ் கடை. ஹஃப்ஸாவுக்கு அப்புறம் பிறந்த இரண்டு பையன்களும் அக்காவைப் பார்த்ததே இல்லை. அவர்கள் படங்கள் மட்டும் போனில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன.

"மொகம் போய்ட்டே இருக்குதும்மா" என்றார் பாயம்மா. "கண்ண மூடினா அந்தப் பச்ச கலர் கவுன் தெரியுது, கொலுசு தெரியுது, கை தெரியுது. மொகம் வர்றதில்ல. பெத்தவளுக்கு மறக்குமா? சொல்லு, எந்தத் தாய்க்காவது மறக்குமா?"

எனக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"இப்போ கண்ணும் போவுது. சர்க்கரையால உள்ள ரத்தம் கசியுதுன்றாங்க. இடது கண்ணு அவ்ளோதான். வலதுல கொஞ்சம் இருக்குது, அதுக்குத்தான் வேலூருக்கு ஓடறேன். முழுசா போறதுக்குள்ள ஒரே தடவ பாத்துட்டா போதும். அப்புறம் இருட்டுக்குள்ளயே வெச்சுப் பாத்துக்குவேன்."

அன்றைக்குத் தொடர்கதையை மூடி வைத்தவள்தான் நான்.

பாயம்மா ஊசி போடவும் லேசர் வைக்கவும் போகும் நாட்களில் வாணியம்பாடியில் ஏறி எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். நான் ஏறியதும் சலாம்கூடச் சொல்ல மாட்டார், "எடும்மா" என்பார். எந்த மாசம் என்று கேட்டிருந்தேன். ரம்ஜான் முடிந்து எடுத்த படம், இதழில் வர இரண்டு மாசமாவது ஆகியிருக்கும் என்றார். வருஷம் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பெரிய பையன் பிறப்பதற்கு முந்தி. அதை வைத்து மூன்று வருஷத்தைக் குறித்துக்கொண்டேன். இந்த வருஷம் ரம்ஜான் மார்ச் கடைசியில் முடிந்ததா, நான் பாட்டுக்கு அந்த வருஷங்களின் மே, ஜூன், ஜூலை இதழ்களைப் புரட்டினேன். இல்லையென்றதும் ஆகஸ்ட். மறுபடி மே.

முதலில் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிக் காட்டினேன். பாயம்மா திரையை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு "இல்ல, இது இல்ல" என்பார். நாலைந்து பக்கத்துக்குள் அவர் கண்ணிலிருந்து நீர் கொட்டும். "நீயே பேரப் படிச்சுப் பாரும்மா, ஹஃப்ஸான்னு வந்தா எனக்குக் காட்டு" என்று விட்டுவிட்டார். எனக்கும் அது வசதியாக இருந்தது. படத்தைப் பார்க்காமல் பேரை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். குடியாத்தம் தாண்டினால் சிக்னல் செத்துவிடும். பாதிப் பக்கம் வந்து மீதி வராமல் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வட்டத்தைப் பார்த்தபடி பாயம்மா அல்லாவின் பேரைச் சொல்லித் திக்ரு ஓதுவார். நான் சிக்னல்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டுவேன்.

ஒரு நாள் எதிரே இருந்த ஒரு அம்மா, விஷயம் முழுவதையும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சும்மாவா சொன்னாங்க. இவ்ளோ வருஷம் இன்னா பண்ணீங்களாம்?" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! "உங்க கண்ணு நல்லாத்தானே இருக்குது, அத வெச்சுட்டு அடுத்தவங்க மடியில ஏன் மேயறீங்க?" என்று கத்திவிட்டேன். பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாயம்மா மட்டும் அந்த அம்மா சொன்னது நியாயம்தான் என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மழை தொடங்கிய சமயம் வலது கண்ணிலும் ரத்தம் இறங்கிவிட்டது. புகை மூட்டத்துக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றார். ஆபரேஷன் ஒன்றுதான் வழி, பார்வை தங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் கைவிரித்திருந்தார். அடுத்த வாரமே வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். "இன்னும் ஒரு வாரம்தான்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நான் அந்த மூன்று வருஷத்தையும் இரண்டு முறை புரட்டி முடித்திருந்தேன். அந்த மே, ஜூனில் ஹஃப்ஸா என்று ஒரு பிள்ளையும் இல்லை.

அன்று மாலை திரும்பி வரும்போது தனியாக உட்கார்ந்து மூன்றாவது முறை புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வாணியம்பாடி கல்லூரிப் பெண் ஒருத்தி, இஃப்ரா என்று பேர். "இன்னாக்கா, இவ்ளோ கொழந்தைங்களப் பாக்குறீங்க?" என்றாள். சொன்னேன். கேட்டுவிட்டு அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"ரம்ஜான் முடிஞ்சு எடுத்த படம்னு சொல்றீங்க. நீங்க ஏன்க்கா மே மாசத்துல தேடறீங்க?"

"மார்ச்லதானே ரம்ஜான் முடியுது?"

"இந்த வருஷம் மார்ச்சுக்கா! வருஷத்துக்குப் பத்து நாள் பதினோரு நாள் முன்னாடி வந்துட்டே இருக்கும்ல? நீங்க சொல்ற வருஷத்துல..." போனில் தட்டிப் பார்த்தாள். "நவம்பர் கடைசிக்கா, ஈத்."

ஆம்பூரில் பிறந்தவள் நான். நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு வரிசையில் நின்றவள். சில வருஷம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுகூட நின்றிருக்கிறேன். எங்கள் கிறிஸ்துமஸ் இருபத்தைந்தாம் தேதியை விட்டு அசையாது. அவர்கள் ரம்ஜானும் அப்படியே ஒரு மாசத்தில் உட்கார்ந்திருக்கும் என்று மண்டைக்குள் யார் ஆணி அடித்து வைத்தார்களோ! மழையில் நனைந்துகொண்டே ஸ்டுடியோவுக்குப் போனார்கள் என்று அந்த மனுஷி வாய்விட்டுச் சொன்னார். சித்திரை மழை என்று நினைத்துக்கொண்டேன். நான் எந்த மாசத்தைப் புரட்டுகிறேன் என்று அவருக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார். அவர் கண்ணில் வெளிச்சம் இருந்த நாட்களையெல்லாம் நான் தப்பான மாசத்தில் கொட்டித் தீர்த்திருந்தேன்.

வீட்டுக்குப் போய் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி இதழ்களையெல்லாம் இறக்கி வைத்தேன். அவர் இல்லாமல் பார்க்க மனசு வரவில்லை.

ஆபரேஷனுக்குச் சேர்கிற அன்று பாயம்மாவுடன் சின்ன மகன் ஷாஹித் வந்திருந்தான். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தான். நான் மாசத்தைத் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். பாயம்மா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவால்ல, எடும்மா" என்றார்.

முதல் வருஷத்தில் இல்லை. இரண்டாவது வருஷம், டிசம்பரில் இல்லை. ஜனவரி மூன்றாவது இதழில், ஒன்பது குழந்தைகள் இருந்த பக்கத்தில், மேல் வரிசையில் அந்தப் பேர் நின்றது. ஹஃப்ஸா, வாணியம்பாடி.

"பாயம்மா!" என்று கத்தினேன். "கெடச்சிடுச்சு!"

அவர் திரையைப் பிடுங்காத குறையாக வாங்கி வலது கண்ணுக்கு நேரே பிடித்தார். நானும் அப்போதுதான் படத்தைப் பார்த்தேன். பேருக்கு மேலே கட்டம் போட்ட சட்டையும் வழித்து வாரிய தலையுமாக ஒரு பையன் முறைத்துக்கொண்டிருந்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாயம்மாவோ சிரித்தார்.

"அரே, இவன் பாக்யலட்சுமி பையன்ம்மா! புகழேந்தி! இதே முறைப்புதான் அவனுக்கு!"

ஒரே கவரில் போன இரண்டு படத்துக்கும் பேரை மாற்றிப் போட்டுத் தொலைத்திருக்கிறார்கள். தமிழ் படிக்கத் தெரியாத பாயம்மாவுக்கு அன்றைக்கு இந்தத் தப்பு தெரிந்திருக்கவே நியாயமில்லை. அப்படியென்றால் புகழேந்தி என்ற பேர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஹஃப்ஸா. கீழே இறங்கிப் பார்த்தேன். கடைசி வரிசை மூலையில், 'புகழேந்தி, வாணியம்பாடி' என்ற எழுத்துக்கு மேலே, தொளதொளவென்ற கவுனில் ஒரு பெண் குழந்தை நின்றது. கழுத்தெலும்பு தெரிந்தது. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் கண்.

நான் விரலை அங்கே கொண்டு போவதற்குள் பாயம்மாவின் விரல் நடு வரிசையில் விழுந்துவிட்டது.

"இதோ! இதோ என் பேட்டி, என் மக! யா அல்லா, அப்படியே இருக்காளே!"

புஸுபுஸுவென்று கன்னம் வைத்த ஒரு குழந்தை. கீழே யாழினி, தர்மபுரி என்று போட்டிருந்தது.

பாயம்மா அந்தப் படத்தைத் தடவினார். தடவியதில் பக்கம் நகர்ந்துவிட, பதறிப்போய் என்னிடம் நீட்டினார். திருப்பிக் கொடுத்தேன். "கன்னத்தப் பாரு, நான் சொன்னேன்ல? சொன்னேன்ல?" என்றார். பெட்டியில் இருந்த பெண்களெல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள், கதவோரம் இருந்த ஷாஹித்துக்குத்தான் எட்டவில்லை. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள் பக்கமெல்லாம் கறுப்பு வெள்ளை. பச்சைக் கவுன் எது என்று சொல்லவும் வழியில்லை.

லத்தேரி போனது. இனி பாயம்மா இறங்கும் காட்பாடிதான். சொல்லாமல் இருந்தால் பாவம், சொன்னால் அதைவிடப் பாவம். மெதுவாக வாங்கி, மூலையில் இருந்த பிள்ளையைத் திரை நிறைய பெரிதாக்கி அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.

"இந்தப் பொண்ணப் பாருங்க பாயம்மா. நல்லாப் பாருங்க."

பார்த்தார். கர்த்தரே, அடையாளம் தெரியட்டும் என்று வேண்டினேன்.

"ஐயோ பாவம்" என்றார். "எவ்ளோ மெலிஞ்சு கெடக்குது. யார் பெத்ததோ. அல்லா அத நல்லா வெக்கட்டும்." திரையை என் பக்கம் தள்ளினார். "என் ஹஃப்ஸாவக் காட்டும்மா, ஸ்டேஷன் வந்துடப் போவுது."

காட்டினேன். வேறு என்ன செய்ய? காட்பாடியில் ஷாஹித் அவரைக் கை பிடித்து இறக்கும்வரை அந்த தர்மபுரிக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். நடைமேடையில் நின்று ஜன்னல் வழியாக என் தலையில் கை வைத்து துவா செய்தார். "இனிமே கண்ணு போனாலும் போவட்டும்" என்றார்.

போய்விட்டது. ஆபரேஷன் செய்தும் வெளிச்சம் எது, இருட்டு எது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை என்று ஷாஹித் போன் பண்ணினான். அம்மா ஒன்றே ஒன்று கேட்கிறார்கள் என்றான். அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு கண்ணாடி மாட்டித் தர வேண்டுமாம். பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்க வேண்டுமாம்.

ஆம்பூர் பஜாரில் ஸ்டுடியோக்காரர் அந்தப் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் விரித்து வைத்துக்கொண்டு "எந்தக் கொழந்தம்மா?" என்றார். நான் நின்றேன். பாயம்மா தானே பார்த்து, தானே கை வைத்துச் சொன்ன முகம் நடுவில் இருக்கிறது. அதை மாற்ற நான் யார்? மூலையில் இருக்கிற முகத்தைப் பெற்றவளே யாரோ என்று தள்ளிவிட்டாள். பெற்றவளும் தள்ளிவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? அந்த இதழ்க்காரர்கள் மேலும், கண்ணைப் பிடுங்கிக்கொண்ட கடவுள் மேலும், என் மேலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "சீக்கிரம் சொல்லும்மா, ஆளுங்க நிக்கறாங்க" என்றார் அவர். மூலையைக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடிக்குக் கொண்டு போனேன். பாயம்மா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஷாஹித் காகிதத்தைப் பிரித்துப் படத்தைப் பார்த்தான். அவன் புருவம் சுருங்கியது. ஒரு வாரமாகக் குண்டுக் கன்னத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்த பையன்.

"அம்மா, அக்கா ரொம்ப..." என்று தொடங்கினான்.

நான் அவன் கையைப் பிடித்து அழுத்தினேன். என் முகத்தைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப இன்னாடா?" என்றார் பாயம்மா.

"ரொம்ப குண்டா இருக்காம்மா" என்றான்.

"பின்ன! குடு இங்க."

மடியில் வாங்கி வைத்துக்கொண்டு கண்ணாடி முழுக்க விரலால் தடவினார். "கன்னம் எங்கம்மா இருக்குது? என் கைய வெச்சுக் காட்டு" என்று என்னிடம் கேட்டார். கெட்டித்துப் போன அந்த விரலைப் பிடித்து, ஒட்டிப்போன கன்னத்தின் மேல் வைத்தேன். பாயம்மா குனிந்து சரியாக அதே இடத்தில் முத்தம் கொடுத்தார். தன் பிள்ளைக்குத்தான் கொடுத்தார். அது ஒட்டிப்போன கன்னம் என்று எனக்கும் ஷாஹித்துக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது.